நில அளவையில் பொதுத் தரங்கள்: கேரளத்தின் அனுபவம்

திருவனந்தபுரம் நகரின் புறத்தே ஒருவர் பத்து சென்ட் மனை வாங்குவதாகக் கொள்வோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் பெறும் கிரயப் பத்திரம் பழைய சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் கூறும். கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே நடைபாதை என்று அந்த விவரிப்பு செல்லும். கிராம அலுவலகத்தில் நிலவரி செலுத்தும்போது அதே மனை ஒரு தண்டப்பேர் எண்ணுக்குள், மறு அளவை எண்ணோடு, 4.05 ஆர் என்று எழுதப்பட்டிருக்கும். நில அளவைத் துறையின் படத்திலோ அது ஒரு பிளாக் எண்ணின்கீழ் வரும் ஓர் உருவம். அதன் பரப்பு முன்னிரண்டிலிருந்தும் சற்றுக் குறைந்தோ கூடியோ இருக்கலாம். மூன்று அலுவலகங்களில் எதுவும் தவறு செய்யவில்லை. ஒவ்வொன்றும் தன் விதிப்படி, தன் தேவைக்கேற்ப எழுதியுள்ளது. ஆயினும் வேலி போடும் நாளில் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபித்தால், எந்த ஏடு சொல்வது நிலத்தின் அளவு என்ற கேள்விக்கு நீதிமன்றம்தான் விடை கூற வேண்டியிருக்கும்.

அளக்கும் கருவிகள் நம் காலத்தில் மிகவும் முன்னேறிவிட்டன. அளந்ததை எந்த முறையில் குறிப்பது, எந்தச் சொல்லால் அழைப்பது, எந்த எண்ணால் அறிவது என்பதில் துறைகள் உடன்படுவதே கடினமான பகுதி. இந்த உடன்பாட்டைத்தான் பொதுத் தரம் என்கிறோம். கேரளத்தில் இது எவ்வாறு உருவாகி வருகிறது என்பதைக் காண்பது, தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் பயன் தரும். திருவிதாங்கூரின் ஒரு பகுதி இன்று தமிழ்நாட்டில் இருப்பதால், இது அயல் மாநிலத்துச் செய்தி மட்டுமன்று.

பழைய அளவுகளின் வழிவழிச் சிக்கல்

பண்டைய நில அளவு பெரும்பாலும் விளைச்சலோடு கட்டுண்டிருந்தது. நாஞ்சில் நாட்டில் 'ஒரு கோட்டை விதைப்பாடு' என்றும், மலையாளப் பகுதியில் 'இத்தனை பறை நிலம்' என்றும் வயலைக் குறிப்பர். அவ்வளவு விதை விதைக்கத்தக்க பரப்பு என்பது பொருள். மண்ணின் தன்மைக்கேற்ப இந்தப் பரப்பு மாறும். உழவனுக்கு இது போதும். வயலின் பயனே அவனுக்கு வேண்டியது. ஆனால் எல்லைக் கோடு இழுப்பதற்கு இந்த அளவு உதவாது.

தென்னாட்டின் அறிவியல் முறை அளவை 1802ஆம் ஆண்டு சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அமைத்த அடிக்கோட்டிலிருந்து தொடங்குகிறது. பெரும் முக்கோண அளவை என்று வரலாற்றில் பெயர் பெற்ற பணி அது. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு படை அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளை அளந்து படமும் விளக்கக் குறிப்பும் தந்தனர். நாட்டின் பொது உருவம் இதனால் தெளிவாயிற்று. தனித்தனி உடைமைகளின் அளவு, 1883 முதல் 1911 வரை திருவிதாங்கூரில் நடந்த நிலவரித் திட்டப் பணியில் உருப்பெற்றது. கொச்சி அரசு தனியே தன் நிலவரித் திட்டத்தை நடத்தியது. மலபார் மாவட்டமோ சென்னை மாகாணத்தின் விதிகளைப் பின்பற்றியது. 1923ஆம் ஆண்டின் சென்னை நில அளவை, எல்லைச் சட்டம் அங்கு செல்லுபடியாயிற்று.

1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது, இம்மூன்று மரபுகளும் ஒரே வருவாய்த் துறையின்கீழ் வந்தன. அதே நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் தமிழ்நாட்டோடு (அன்று சென்னை மாநிலம்) இணைந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய பத்திரங்களைப் புரட்டியவர்கள், மலையாள எழுத்தையும் கொல்லம் ஆண்டையும் கண்டிருப்பார்கள். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குவது, மாதத்திற்கேற்ப 824 அல்லது 825ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். இந்தச் சிறு கணக்கில் தவறியதால் ஓர் ஆண்டு முன்பின்னாகப் போன உரிமை வாதங்களும் உண்டாகலாம். நாள் குறிக்கும் முறையும் தரத்தின் பகுதியே என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சட்டத்தில் ஒருமை 1961இல் வந்தது. கேரள நில அளவை, எல்லைச் சட்டம் அவ்வாண்டில் இயற்றப்பட்டது. ஏடுகளில் ஒருமை கொணரும் நோக்கோடு 1966இல் மறு அளவை தொடங்கியது. ஏக்கர், சென்ட் என்பவை நீங்கி ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர் என்பவை வந்தன. ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், ஏறத்தாழ 1,660 கிராமங்களில் 900க்குச் சற்று மேற்பட்டவற்றிலேயே அப்பணி முடிந்தது. இதனால் ஒரே மாநிலத்தில், ஒரே வட்டத்திற்குள்ளும்கூட, பழைய எண்ணில் ஒரு கிராமமும் புதிய எண்ணில் அடுத்த கிராமமும் நின்றன. மக்களோ இன்றளவும் சென்ட் கணக்கிலேயே விலை பேசுகின்றனர்!

கோட்டின் தடிமன்

பழைய கிராமப் படங்கள் பல, ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. அதாவது 1:3,960. படத்தில் உள்ள எல்லைக் கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தரையில் அது ஏறத்தாழ இரண்டு மீட்டருக்குச் சமம். முப்பது மீட்டர் நீளமுள்ள வேலி ஒன்றில் கோட்டின் இந்த விளிம்பா, அந்த விளிம்பா என்ற ஐயம் 60 சதுர மீட்டரை, அதாவது ஒன்றரை சென்ட்டை, இப்பக்கமோ அப்பக்கமோ தள்ளிவிடும். தென்னந்தோப்பாக இருந்த காலத்தில் இதை எவரும் பொருட்படுத்தவில்லை. நகரம் வளர்ந்து, அங்கு வீடுகள் எழுந்தபின் ஒன்றரை சென்ட் என்பது ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பாகிவிட்டது.

இத்தகைய படத்தைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் அது துல்லியமாகிவிடும் என்று எண்ணுவது பெரும் பிழை. திரையில் கோட்டை எத்தனை மடங்கு பெருக்கிப் பார்த்தாலும், முதலில் அளந்த சங்கிலியின் பிழையும், தாள் சுருங்கியதால் வந்த பிழையும், நகலெடுத்தவர் கை நடுக்கமும் அதனுள்ளேயே இருக்கும். கணிப்பொறி அவற்றை மறைக்கிறதேயன்றி நீக்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு படத்தோடும் அதைப் பற்றிய விவரக் குறிப்பு செல்ல வேண்டும். யார் அளந்தார், எந்த ஆண்டு, எக்கருவியால், எந்த அளவில், எவ்வளவு பிழை ஏற்கத்தக்கது என்பன அதில் இடம்பெற வேண்டும். புவியியல் தகவலுக்கான பன்னாட்டுத் தரங்களை 1994ஆம் ஆண்டு முதல் வகுத்துவரும் பன்னாட்டுத் தர அமைப்பின் 211ஆம் தொழில்நுட்பக் குழு, இந்த விவரக் குறிப்புக்கென்றே தனித் தரம் வகுத்துள்ளது. நம் அலுவலகங்களில் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுவே. படம் இருக்கும், அது எப்போது வரைந்தது என்று கேட்டால் எவருக்கும் தெரியாது.

எங்கிருந்து அளப்பது?

மாணவர்கள் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஓரிடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறாத எண்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பூமியின் உருவத்தை எவ்வாறு கற்பித்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண்கள் மாறும். லாம்டனுக்குப் பின் அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த நீள்கோள உருவமே, மத்தியப் பிரதேசத்திலுள்ள கல்யாண்பூரை மூலமாகக் கொண்டு, இந்திய வரைபடங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படையாக இருந்தது. செயற்கைக்கோள் கருவிகள் 1984ஆம் ஆண்டின் உலகப் புவியளவை முறையைப் பின்பற்றுகின்றன. எவரெஸ்ட் முறையில் எழுதிய ஓரிடத்தின் எண்களை அப்படியே புதிய முறைப் படத்தில் குறித்தால், கேரளத்தில் அப்புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் விலகி விழும். ஒரு கிணறு அடுத்த தெருவுக்குப் போய்விடும். எண்கள் இரண்டும் சரியானவையே. எந்த முறையில் எழுதப்பட்டவை என்று சொல்லாமல் விட்டதே குற்றம்.

2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்கள் பயன்படுத்தும் வரைபட வரிசையைப் புதிய உலக முறையிலும், குறுக்கு மெர்க்கேட்டர் கட்ட முறையிலும் அமைக்க வழி செய்தது. இம்முறையில் உலகம் ஆறு பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. கேரளம் முழுவதும் 43ஆம் மண்டலத்துக்குள் அடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுக்கு அந்த வசதி இல்லை. 78ஆம் தீர்க்கரேகை மதுரைக்குச் சற்று மேற்கே செல்வதால், கோவையும் கன்னியாகுமரியும் 43ஆம் மண்டலத்திலும், மதுரையும் சென்னையும் 44ஆம் மண்டலத்திலும் விழுகின்றன. இரு மண்டலப் படங்களை மாற்றாமல் ஒட்டினால் ஊர்கள் இடம் மாறும். மாநிலம் முழுவதற்கும் ஒரே படம் வரையும் அலுவலர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

சொல்லும் ஓர் அளவே

எண்களில் ஒருமை கண்டாலும் சொற்களில் வேற்றுமை நிலைத்தால் பயனில்லை. தமிழில் 'நிலம்' என்றால் எந்த நிலமும் ஆகலாம். நன்செய், புன்செய் என்று பிரித்துச் சொல்வோம். கேரள வருவாய் ஏடுகளில் 'நிலம்' என்பது நெல் வயலை மட்டுமே குறிக்கும். வீடும் தோட்டமும் உள்ள மேட்டு நிலம் 'புரயிடம்'. அடிப்படை வரிப் பதிவேட்டில் ஒரு மனைக்கு எதிரே இவ்விரு சொற்களுள் எது எழுதப்பட்டுள்ளது என்பது இன்று ஒருவர் வீடு கட்டலாமா, கூடாதா என்பதையே தீர்மானிக்கிறது.

2008ஆம் ஆண்டு கேரள நெல் நிலம், ஈர நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயல்கள் மண்ணடித்து நிரப்பப்படுவதைத் தடுப்பது அதன் நோக்கம். ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகளின் பிரதிநிதிகள் ஆகியோர் கொண்ட உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்கள் வயல்களின் தரவுத் தொகுப்பைத் தயாரித்தன. எது வயல் என்பதில் குழுக்கள் ஒன்றுபோல் நடக்கவில்லை. சட்டம் வருமுன்பே நிரப்பப்பட்டுத் தென்னை நின்ற மனைகள் சில இடங்களில் வயலாகப் பதிவாயின. வேறு சில இடங்களில் உண்மையான வயல்கள் விடுபட்டன. பாதிக்கப்பட்டவர்கள் ஐந்தாம் படிவத்தில் கோட்ட வருவாய் அதிகாரிக்கு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. அத்தகைய தகராறுகளில், திருவனந்தபுரத்தில் இயங்கும் கேரள மாநிலத் தொலையுணர்வு, சுற்றுச்சூழல் மையம் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, 2008இல் அந்த இடம் எவ்வாறிருந்தது என்று அறிக்கை தருகிறது.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று: செயற்கைக்கோள் அறிவது நிலத்தின் மேற்பரப்பை, சட்டம் கேட்பது நிலத்தின் வகையை. நீர் நிற்கும் இடமெல்லாம் வயலன்று. ஓராண்டு தரிசாகக் கிடந்த வயல் வயலாக இல்லாமலும் போகாது. 'நெல் நிலம்' என்பதற்குக் களத்தில் கண்டறியத்தக்க அடையாளங்களை முன்கூட்டியே எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரே விதமாக வகுத்துத் தந்திருந்தால், பின்னர் குவிந்த விண்ணப்பங்களில் பெரும்பகுதி எழுந்திராது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மக்கள் வரைந்த படங்கள்

இதற்கு முன்மாதிரி கேரளத்திலேயே இருந்தது. 1978இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட புவி அறிவியல் ஆய்வு மையம், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தோடு சேர்ந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊராட்சி வள வரைபடத் திட்டத்தை மேற்கொண்டது. கண்ணூர் மாவட்டத்தின் கல்லியாச்சேரி இதில் புகழ்பெற்ற ஊராட்சி. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் கிராமப் படத்தைக் கையில் ஏந்தி, புலம் புலமாக நடந்து, பயிர், கிணறு, குளம், பாதை ஆகியவற்றைக் குறித்தனர். மண், நில அமைப்பு, நீர் வளம் ஆகியவற்றை அறிவியலறிஞர்கள் சேர்த்தனர். 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, ஊராட்சிகள் தம் வளங்களைத் தாமே அறிந்து திட்டமிடும் கருத்துக்கு இம்முயற்சி வலுவூட்டியது.

இதில் தரம் என்பது கருவியில் இல்லை, குறிவிளக்கத்தில் இருந்தது. இரப்பர்த் தோட்டத்துக்கு ஒரு குறி, கலப்புத் தோட்டத்துக்கு ஒரு குறி என்று அனைவரும் ஒரே குறிகளைப் பயன்படுத்தினால்தான் அடுத்தடுத்த ஊராட்சிகளின் படங்களை இணைத்து ஓர் ஆற்றுப் படுகையைக் காண முடியும். பள்ளிப் படிப்பு மட்டுமே உள்ள ஒரு தொண்டர் பிழையின்றிக் குறிக்கத்தக்க அளவுக்குக் குறிவிளக்கம் எளிதாக இருத்தல் வேண்டும் என்பதும் இதிலிருந்து பெறத்தக்க பாடம். நுணுக்கமாக வகுக்கப்பட்டு எவரும் பின்பற்றாத தரத்தைவிட, எளியதாயினும் எல்லாரும் பின்பற்றும் தரமே நாட்டுக்கு உதவும்.

மூன்று ஏடுகள் ஒன்றாதல்

2022 நவம்பர் 1ஆம் நாள், 'எந்தெ பூமி' என்ற பெயரில் கேரளம் மின்னணு முறை மறு அளவையைத் தொடங்கிற்று. 1,550 கிராமங்கள் இலக்கு. முதற்கட்டத்தில் 200 கிராமங்கள். மாநிலமெங்கும் 28 நிலையான செயற்கைக்கோள் குறிப்பு நிலையங்கள் நிறுவப்பட்டன. இவை இடைவிடாது தம் இடத்தைக் கணித்து, திருத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். களத்தில் அளவையர் ஏந்தும் கருவி அத்திருத்தத்தைப் பெற்று, சில சென்டிமீட்டர் துல்லியத்தில் புள்ளியைக் காட்டும். மாநிலத்தின் எல்லாக் கிராமங்களும் ஒரே அடிப்படையில் அளக்கப்படுவதே இந்த ஏற்பாட்டின் சிறப்பு. முன்பு ஒவ்வொரு கிராமமும் தனித் தீவாக, அருகிலுள்ள எல்லைக்கல்லிலிருந்து அளக்கப்பட்டது. மரங்கள் அடர்ந்த கேரளத்தில் ஆளில்லா விமானப் படங்கள் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. பலா, தென்னை நிழலில் செயற்கைக்கோள் குறிகளும் மங்கும். அத்தகைய இடங்களில் டோட்டல் ஸ்டேஷன் கருவியே துணை.

அளந்து முடித்ததும் சட்டத்தின் 9(2) பிரிவின்படி அறிவிப்பு வெளியாகும். நில உடைமையாளர்கள் படத்தைப் பார்த்து ஆட்சேபம் தெரிவிக்கலாம். இது சம்பிரதாயம் அன்று. வெளிநாட்டில் பணிபுரியும் உடைமையாளர்கள் மிகுந்த மாநிலத்தில், அளக்கும் நாளில் எல்லையைக் காட்ட ஆள் இல்லாத மனைகள் ஏராளம். அவர்கள் அறியாமலே படம் இறுதியானால், துல்லியமான கருவி துல்லியமான அநீதியைப் பதிவு செய்துவிடும். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது நேர்ந்த பெயர்ப் பிழைகள் இன்றும் வட்டாட்சியர், கோட்டாட்சியர் அலுவலகங்களில் மனுக்களாக வருவதை நம் வருவாய்த் துறையினர் அறிவர்.

அளவையைக் காட்டிலும் முக்கியமான பணி ஏடுகளை இணைப்பது. பதிவுத் துறையின் 'பேர்ல்', வருவாய்த் துறையின் 'ரெலிஸ்', நில அளவைத் துறையின் 'இ-மேப்ஸ்' ஆகிய மூன்று கணிப்பொறி ஏற்பாடுகளும் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'எந்தெ பூமி' இணையதளத்தில் ஒன்றிணைக்கப்பட்டன. மின்னணு அளவை முடிந்த கிராமத்தில் நிலத்தின் ஒரு பகுதியை விற்பவர், பத்திரம் பதியுமுன்பே அப்பகுதியின் வரைபடத்தைப் பெற வேண்டும் என்பது இதன் முக்கியக் கூறு. முன்பெல்லாம் பத்திரம் முதலில், அளவை பல ஆண்டுகள் கழித்து! விற்ற சென்ட்களைக் கூட்டினால் இருக்கும் சென்ட்களைவிட மிகுந்துவிடும் விந்தை இதனால்தான் நேர்ந்தது.

இணைப்புக்குத் திறவுகோல் எண்ணே, பெயர் அன்று. திருவனந்தபுரத்தின் பெயரையே பாருங்கள். ஆங்கில ஆட்சிக் குறிப்புகளில் 'டிரிவாண்டிரம்' என்று இருந்தது 1991இல்தான் அதிகாரபூர்வமாக மாறியது. இரு பெயர்களில் உள்ள இரு பட்டியல்களைக் கணிப்பொறி இரு ஊர்களாகவே கொள்ளும். இதனால்தான் ஊராட்சிகளுக்கும் கிராமங்களுக்கும் மத்திய அரசு நிலையான குறியீட்டு எண்களை வழங்கியுள்ளது. தனி மனைக்கும் அதன் மூலைப்புள்ளிகளின் அமைவிடத்தை ஆதாரமாகக் கொண்ட 14 இலக்கத் தனித்த நில அடையாள எண் 2021 முதல் மாநிலங்களில் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய புவியிடத் தரவுக் கொள்கையும் பொதுத் தரங்களை வலியுறுத்துகிறது. கேரள மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கத்தின் பொறுப்பிலுள்ள மாநிலப் புவியிடத் தரவுக் கட்டமைப்பு, பல துறைகளின் படங்களை ஒரே அடிப்படையில் அடுக்கிக் காட்ட முயல்கிறது. வருவாய்க் கிராமத்தின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும் ஒன்றல்ல என்பதை அப்படங்களை அடுக்கும்போதுதான் பலர் முதன்முதலாக உணர்கின்றனர்.

மாநில எல்லையில்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே செல்பவர், ஒரு மாநிலம் முடிந்து மற்றொன்று தொடங்குவதை விளம்பரப் பலகைகளின் எழுத்தைக் கொண்டே அறிவர். இரு பக்கமும் ஒரே திருவிதாங்கூர் ஏடுகளில் ஒருகாலத்தில் எழுதப்பட்ட நிலம் அது. கேரளத்தின் மின்னணு அளவை தொடங்கிய அதே 2022 நவம்பரில், எல்லையோரக் கிராமங்களில் ஒரு மாநிலம் மட்டும் தனித்து அளப்பது பற்றித் தமிழ்நாட்டில் கவலை எழுந்தது. எல்லையை இரு மாநில அலுவலரும் கூட்டாக அளக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட நிலைப்பாடு.

இந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஒருதலையாக அளந்த கோடு எவ்வளவு துல்லியமாயினும் மறுபக்கத்து உடைமையாளரைக் கட்டுப்படுத்தாது. தொழில்நுட்ப வகையில் பார்த்தால், திருவனந்தபுரம் மாவட்டமும் கன்னியாகுமரி மாவட்டமும் ஒரே 43ஆம் மண்டலத்தில் உள்ளன. இரு மாநிலங்களும் ஒரே உலக முறையைப் பின்பற்ற இயலும். எல்லைக்கற்களின் பழைய குறிப்புகளும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. எஞ்சியிருப்பது, இரு துறைகளின் அளவையர்கள் ஒரே நாளில், ஒரே கல்லின் மேல் தத்தம் கருவியை வைத்து, கிடைத்த எண்களை ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிடுவது. எத்தனை சென்டிமீட்டர் வேறுபாட்டை இரு தரப்பும் ஏற்பது, அதற்கு மேற்பட்டால் எந்தப் பழைய ஏட்டை மேற்கொள்வது என்பவற்றை அந்நாளுக்கு முன்பே எழுத்தில் வகுத்துக்கொள்ள வேண்டும். விளவங்கோட்டுப் பக்கம் 'புஞ்சை' என்றும் நெய்யாற்றின்கரைப் பக்கம் 'புரயிடம்' என்றும் எழுதப்பட்டிருக்கும் அடுத்தடுத்த மனைகளுக்கு ஒரே குறி இடுவதா, இரண்டு இடுவதா என்ற கேள்வியும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டியிருக்கும்.